உட்காருங்கப்பா!

உங்கள் வீட்டில் ஈஸிசேர் இருக்கிறதா? எங்கள் மதுரை வீட்டில் இருந்தது. வாங்கியது நான்தான். தேக்குச் சட்டம், பச்சைக் கோடு போட்ட துணி. 1996-ல் அப்பா ரிட்டயரான அன்று சாயந்திரம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலோரமாகப் போட்டேன்.

‘‘24 வருஷம் நின்னது போதும்ப்பா. இனிமே உட்காருங்க!’’

அப்பா டவுன் பஸ்ஸில் கண்டக்டர். விரலிடுக்கில் டிக்கெட் கட்டு, தோளில் தோல்பை, வாயில் விசில். ‘‘உள்ள போங்கண்ணே, எடம் கெடக்கு... படியில நிக்காதப்பா!’’ என்று கத்திக்கொண்டே கூட்டத்துக்குள் முன்னாலும் பின்னாலும் நீந்திக்கொண்டிருப்பார். பூக்காரம்மா எந்த ஸ்டாப்பில் ஏறுவார், எந்தப் பையன் பாஸை மறந்துவிட்டு வருவான், எல்லாம் மனப்பாடம். ராத்திரி வீட்டுக்கு வந்து காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு வண்டியில் நடந்த கதைகளைச் சொல்வார். கால் வலிக்கும், ஆனாலும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

அந்த மனுஷரைத்தான் உட்கார வைத்தோம். பால் வாங்க நான். ரேஷனுக்குத் தம்பி. தண்ணீர்கூட கைக்கு வந்துவிடும். ‘‘நீங்க எதுக்குப்பா அலையறீங்க?’’ இதைவிட அன்பான வாக்கியம் உண்டா, சொல்லுங்கள்.

ரெண்டே வருடம். முட்டி மடங்க மறுத்தது. தெருமுனை வரை போவதுகூட நின்றது. அதோடு கதைகளும் நின்றுபோயின. பார்க்க ஆளில்லை என்றால் சொல்லக் கதை ஏது? ஒருநாள் காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: ‘‘வண்டியில இருந்தப்ப வலிக்கும்டா. இப்படி மரத்துப்போனதில்ல.’’

1999-ல் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். படுக்கை. அடுத்த வருடம் போய்விட்டார். ஈஸிசேர்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது, வேறு சிக்கல்களும் இருந்தன. ஆனால் அந்தச் சேரை விற்கவும் முடியவில்லை, அதில் உட்காரவும் முடியவில்லை.

பல வருடம் கழித்து ஒரு விஷயம் படித்தேன். ஜெரமி மோரிஸ் என்று பிரிட்டனில் ஒரு டாக்டர். லண்டன் மாடி பஸ்களின் டிரைவர்கள், கண்டக்டர்கள் உள்ளிட்ட சுமார் 31 ஆயிரம் போக்குவரத்து ஊழியர்களின் இதய நோய்க் கணக்கை அலசி, 1953-ல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். ஒரே கம்பெனி, ஒரே பஸ். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் தினமும் 500 முதல் 750 படிகள் ஏறுகிறார். மாரடைப்பு யாருக்குக் குறைவு? கண்டக்டருக்கு! தபால் துறையிலும் அதே கதைதான். நடந்து திரியும் தபால்காரரைவிட மேஜை குமாஸ்தாவுக்கே ஆபத்து அதிகம்.

மோரிஸ் அதோடு விடவில்லை. ‘ஒருவேளை டிரைவர்கள் ஆரம்பத்திலிருந்தே குண்டோ?’ என்று யூனிஃபார்ம் பேன்ட் அளவுகளையும் தேடிப் பார்த்தார். ஆமாம், இளம் வயதிலேயே அவர்களின் இடுப்பளவு கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது. அதையும் மறைக்காமல் 1956-ல் எழுதினார். பிறகு வந்த ஆய்வுகளும் ‘நடமாட்டம் இதயத்துக்கு நல்லது’ என்பதைத்தான் உறுதி செய்தன. மோரிஸ் 99 வயது வரை வாழ்ந்து, 2009-ல் மறைந்தார்.

படித்து முடித்ததும் அப்பாவின் விசில் சத்தம் கேட்டது மாதிரி இருந்தது. நாங்கள் ஒரு கண்டக்டரை ஒரே நாளில் டிரைவர் ஆக்கிவிட்டோம். வண்டிகூட இல்லாத டிரைவர்!

சரி, பாடம் படித்தவன் திருந்தியிருப்பான் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை.

இப்போது சென்னையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 79 வயது. எங்கள் அபார்ட்மென்ட் கேட்டில் கோலம் அம்மாவுடைய இலாகா. யாரும் கொடுத்ததில்லை, அவளே எடுத்துக்கொண்டது. போன வருடம் ஒரு விடியற்காலை, குனிந்து நிமிர்ந்தவள் தடுமாறிக் கேட்டைப் பிடித்துக்கொண்டாள். விழவில்லை. வாட்ச்மேன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்குக் கை நடுங்கியது.

‘‘இனிமே கோலம் வேணாம்மா. ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிடலாம்.’’

அம்மா பதில் சொல்லவில்லை. மத்தியானம் சாப்பாடு போடும்போது மெதுவாகக் கேட்டாள்: ‘‘அப்பாவுக்கு வாங்கின மாதிரி எனக்கும் ஒரு சேர் வாங்கப் போறியாடா?’’

சோறு இறங்கவில்லை.

மறுநாள் டாக்டரிடம் போனோம். ரத்தக்கொதிப்பு மாத்திரையின் அளவை மாற்றினார். கண் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ‘‘பாத்ரூம்ல கைப்பிடி வைங்க, வாசல்ல நல்ல லைட் போடுங்க. ஆனா அவங்க நடமாட்டத்தை நிறுத்திடாதீங்க’’ என்றார். வயதானவர்கள் வாரம் மூன்று நாளாவது உடம்பின் சமநிலைக்கும் வலுவுக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2020-ல் சொல்லியிருக்கிறது. விழாமல் இருப்பதற்கான பயிற்சி அது. விழுந்துவிடுவார்கள் என்று உட்கார வைத்தால் கால் இன்னும் பலவீனமாகும்; விழும் ஆபத்து கூடுமே தவிர குறையாது.

பிசியோதெரபி செய்கிற பெண் சொல்லிக் கொடுத்தது எளிதுதான். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து தடவை எழுந்திருப்பது. துணைக்கு நானும் நின்றேன். நாலாவது விநாடியில் நான் ஆடினேன். அம்மா சிரித்த சிரிப்பில் என் மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள்.

எனக்கும் சர்க்கரை உண்டு. அதற்காக டிரெட்மில் வாங்கினேன். இப்போது அதில் துண்டு காய்கிறது. தினமும் பத்தாயிரம் அடி என்று போனைப் பார்த்துப் பார்த்து நடந்து, எட்டாயிரத்தில் நின்ற நாளெல்லாம் குற்றவாளி மாதிரி தூங்கப் போனேன். அந்தப் பத்தாயிரம், 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பிரபலமான கணக்கு என்று தெரிந்த அன்றுதான் நிம்மதி.

இப்போது ராத்திரி சாப்பிட்டதும் அம்மாவோடு கால் மணி நேரம் நடை. சாப்பாட்டுக்குப் பின் நடந்தால், ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தசைகள் இழுத்துக்கொள்ளும். அது எனக்கு. அம்மாவுக்கு? மூன்றாவது மாடிக் குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது, வாட்ச்மேன் மகள் பிளஸ் டூ பாஸ் என்று நியூஸ் சேகரிக்கிறாள். திரும்பி வந்து எல்லாவற்றையும் சொல்கிறாள். அப்பா சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு சொன்ன மாதிரியே.

கோலம் நடக்கிறது. புள்ளி கொஞ்சம் குறைந்திருக்கிறது, பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருக்கிறது. மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்குகிறாள். ஓய்வு தப்பே இல்லை. ஆனால் அது அவரவர் எடுத்துக்கொள்வதாக இருக்க வேண்டும். நாம் எடுத்து அவர்கள் மேல் போர்த்துவதாக இருக்கக் கூடாது.

இன்றைக்கு ராத்திரி உங்கள் அப்பா தண்ணீர் குடிக்க எழுந்தால், ‘நீங்க உட்காருங்கப்பா’ என்று நாக்கு நுனி வரை வரும். கொஞ்சம் கடித்துக்கொள்ளுங்கள். அவரே போய் எடுக்கட்டும்.

முடிந்தால் உங்களுக்கும் ஒரு டம்ளர் கேளுங்கள்.