பத்துக்கு எத்தனை?

புதிதாக ஒரு கேம் வந்துவிட்டால் நண்பர்கள் குழுவில் முதலில் விழும் கேள்வி, "பத்துக்கு எத்தனை குடுத்திருக்கான்?" என்பதுதான். கதை என்ன, யார் செய்தது, எத்தனை மணி நேரம் ஓடும் என்பதெல்லாம் அப்புறம். விமர்சன மார்க்குகளின் சராசரியைத் தரும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டினால் உடனே வாங்கலாம். எழுபதில் நின்றால் வருடக் கடைசித் தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம். பிராக்ரஸ் ரிப்போர்ட்டில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வளர்ந்த தலைமுறைக்கு, மார்க்கைப் பார்த்து ஆளை எடைபோட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் கேம் ஆடுவதும், ஆடாத நேரத்தில் விமர்சனம் படிப்பதுமாகப் பல வருடங்களை ஓட்டியவன் நான். ஒரு கேம் விமர்சனத்தில் கடைசியாகப் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான் என்பது என் கட்சி. சினிமா எல்லோருக்கும் ஒரே சினிமா. சென்னையில் பார்த்தாலும் உசிலம்பட்டியில் பார்த்தாலும் இடைவேளை அதே இடத்தில்தான் வரும். கேம் அப்படியில்லை. ஆடுகிறவரின் கை, அவர் வைத்திருக்கும் மெஷின், அவருக்குக் கிடைக்கும் நேரம் மூன்றும் சேர்ந்துதான் அது முழுமையாகிறது. விமர்சகர் ஆடிய கேமும் நாம் ஆடப்போகும் கேமும் பெயரளவில் ஒன்று, அவ்வளவுதான்.

மெஷினிலிருந்து தொடங்கலாம். போலந்தின் சிடி புராஜெக்ட் ரெட் நிறுவனம் 2020 டிசம்பர் 10 அன்று 'சைபர்பங்க் 2077' கேமை வெளியிட்டது. விமர்சகர்களுக்கு முன்கூட்டியே கிடைத்தது பிசி பிரதி மட்டும்தான். வெளியீட்டுக்கு முன் வந்த விமர்சன வீடியோக்களில் அவர்கள் தாங்கள் ஆடிப் பதிவுசெய்த காட்சிகளைக் காட்டவும் அனுமதி இல்லை. மார்க் அள்ளிக்கொண்டு வந்தது. பழைய பிளேஸ்டேஷன் 4 வைத்திருந்தவர்கள் அதை நம்பி வாங்கினார்கள். கேம் திணறியது, அடிக்கடி நின்றும் போனது. வெளியாகி ஒரு வாரத்தில் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. திரும்பக் கடைக்கு வர 2021 ஜூன் ஆயிற்று. எழுதியவர்கள் யாரும் பொய் எழுதவில்லை. அவர்கள் ஆடியது வேறு கேம்.

அதற்குப் பிறகும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. 2025 பிப்ரவரி 28 அன்று கேப்காமின் 'மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ்' வந்தது. மூன்றே நாளில் 80 லட்சம் பிரதிகள் விற்றன. ராட்சத விலங்குகள் கூட்டமாகத் திரிவதையும், ஆயுதத்தை வீசும்போது கையில் உணரும் கனத்தையும் விமர்சகர்கள் சிலாகித்து எழுதினார்கள். அதே நேரத்தில் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் வாங்கியவர்கள் கட்டைவிரலைக் கீழே காட்டிக்கொண்டிருந்தார்கள். வேட்டையைப் பற்றி அவர்களுக்குப் பெரிய புகார் இல்லை. கம்ப்யூட்டர் தாங்கவில்லை, படம் இழுத்து இழுத்து ஓடுகிறது என்பதுதான் புகார். இஎம்ஐயில் வாங்கிய லேப்டாப்பில் ஆடும் நம் ஊர்ப் பையனுக்கு எந்தத் தரப்பின் பேச்சு உதவும்? எந்த கிராபிக்ஸ் கார்டில், எந்த செட்டிங்கில் ஆடினேன் என்று விமர்சகர் எழுதும் ஒரு வரி அவனுக்கு ஒன்பது மார்க்கைவிடப் பெரிது.

அடுத்தது கை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் உள்ள டீம் செர்ரி என்ற சின்னக் குழு, 2019இல் அறிவித்த 'ஹாலோ நைட்: சில்க்சாங்' கேமை 2025 செப்டம்பர் 4 அன்று வெளியிட்டது. விலை வெறும் 20 டாலர். கூட்டம் தாங்காமல் ஸ்டீம் கடையே சற்று நேரம் படுத்துவிட்டது. இந்த முறை விமர்சகர்களுக்கும் முன்கூட்டியே பிரதி தரவில்லை. ஊரோடு ஒன்றாக அவர்களும் ஆடத் தொடங்கினார்கள். அதனால் ஒரு கேமின் மீது அபிப்பிராயம் எப்படித் திரள்கிறது என்பதைக் கண்ணெதிரே பார்க்க முடிந்தது.

ஹார்னெட் என்ற பூச்சிப் பெண்தான் நாயகி. தொடக்கத்தில் அவளுக்கு ஐந்து முகமூடி உயிர். பல எதிரிகள் ஒரே அடியில் இரண்டைப் பறித்துவிடுவார்கள். மூன்றாவது அடியில் கதை முடிந்தது. சேர்த்து வைத்த பட்டுநூலை மொத்தமாகச் செலவழித்தால் மூன்று முகமூடி திரும்பக் கிடைக்கும். அதற்கும் எதிரி சும்மா இருக்கும் ஒரு நொடி வேண்டும். இதற்கு முந்தைய 'ஹாலோ நைட்' கேமில் நேர்க்கீழாகக் குத்திக் குதித்துப் பழகியவர்களுக்கு இங்கே சாய்வாகப் பாய வேண்டியிருந்தது. பல வருடப் பழக்கமே விரலுக்கு எதிரியாயிற்று. உட்கார்ந்து மூச்சு வாங்கும் பெஞ்சுக்குக்கூடச் சில இடங்களில் ஜெபமாலை மணிகளைக் காசாகக் கட்ட வேண்டும். செத்தால் கையிலுள்ள மணிகளெல்லாம் செத்த இடத்திலேயே கிடக்கும். எடுக்கப் போகும் வழியில் மறுபடி செத்தால் அவை போனதுதான்.

இது கொடுமை என்று ஒரு கட்சி, இதுதான் ருசி என்று இன்னொரு கட்சி. டீம் செர்ரி சில நாட்களிலேயே ஒரு பேட்ச் விட்டது. ஆரம்பத்தில் வரும் இரண்டு பாஸ்களின் கடுமை கொஞ்சம் குறைந்தது, சில பெஞ்சுகளின் விலை இறங்கியது, மணிகள் கூடுதலாகக் கிடைத்தன. ஆக, முதல் நாள் ஆடியவர் எழுதிய தீர்ப்பும் இரண்டாவது வாரம் ஆடியவர் எழுதிய தீர்ப்பும் கண்டிப்பாக ஒன்றாக இருக்க முடியாது. மற்ற மொழிக்காரர்கள் கொண்டாடிக்கொண்டிருந்தபோது சீனர்களின் ஸ்டீம் விமர்சனங்கள் மட்டும் கறுத்துக் கிடந்தன. சீன மொழிபெயர்ப்பு படிக்கவே முடியவில்லை என்பது அவர்கள் குறை. அவர்களைப் பொறுத்தவரை அதுவும் கேமின் ஒரு பகுதிதானே.

கையைப் பற்றிப் பேசும்போது 'கிளேர் ஆப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33' நினைவுக்கு வராமல் இருக்காது. பிரான்சின் மோன்பெலியே நகரத்து சாண்ட்ஃபால் இன்டராக்டிவ் நிறுவனம் அதை 2025 ஏப்ரல் 24 அன்று வெளியிட்டது. ஒவ்வொரு வருடமும் ஒரு ராட்சத ஓவியக்காரி தூரத்துத் தூணில் ஓர் எண்ணை எழுதுகிறாள். அந்த வயதுள்ளவர்கள் எல்லோரும் பூவிதழாக உதிர்ந்து மறைந்துபோகிறார்கள். எண் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகிறது. சண்டை, பழைய ஜப்பானிய ஆர்பிஜிக்களை (ரோல்-பிளேயிங் கேம்களை) போல முறைவைத்து நடக்கும். ஆனால் எதிரியின் முறை வரும்போது நாம் கைகட்டி உட்கார முடியாது. அவன் வாளை ஓங்கி, வேண்டுமென்றே ஒரு கணம் நிறுத்தி, பிறகு இறக்குவான். சரியாக அது இறங்கும் கணத்தில் பட்டனை அழுத்தினால் அடியே விழாது, பதிலடியும் கிடைக்கும். அரை நொடி பிசகினால் பாதி உயிர் போய்விடும்.

தாளம் பிடிபட்டவர்களுக்கு இது ஒரு நாட்டியம். பிடிபடாதவர்களுக்கு எழுபதுகளின் டைப்ரைட்டிங் பரீட்சை. தடுப்பு ஒன்றைக் கற்றுக்கொண்டால் போதும், திட்டமிட வேண்டிய வேலையே குறைந்துபோகிறது என்று ஆர்பிஜி பழசுகள் முணுமுணுத்தார்கள். அதிலும் நியாயம் உண்டு. இடங்களைச் சுற்றிவரும்போது வரைபடம் இல்லாமல் ஒரே பாறையை மூன்று முறை வலம் வருவது எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் கதையும் இசையும் என்னைக் கடைசிவரை இழுத்துப் போயின. விரல் வேகம் போதாதவர்களுக்கு எளிய நிலை ஒன்று வைத்திருக்கிறார்கள். அதை எடுப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

2025 டிசம்பரில் தி கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த கேம் உட்பட 9 விருதுகளை இது வாங்கியது. அதே மாதம் இண்டி கேம் அவார்ட்ஸ் தான் கொடுத்த இரண்டு விருதுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. உருவாக்கத்தின்போது செயற்கை நுண்ணறிவு பயன்பட்டது தெரியவந்ததே காரணம். 'ஆர்க் ரெய்டர்ஸ்' என்ற ஷூட்டரிலும் இதே வழக்கு. ஊரே புகழ்ந்தபோது யூரோகேமர் விமர்சனத் தளம் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் தந்தது. பாத்திரங்களின் குரலுக்கு செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியதைக் காரணம் காட்டியது. ஒரு கேம் ஆட எப்படி இருக்கிறது என்பதோடு, அது எப்படிச் செய்யப்பட்டது என்பதையும் விமர்சகர் கணக்கில் எடுக்கலாமா? தாராளமாக எடுக்கலாம் என்பேன், காரணத்தை வெளிப்படையாகச் சொல்லும்வரை. உடன்படாத வாசகன் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்க்கொள்வான். அந்தக் காரணத்தை இரண்டு நட்சத்திரத்துக்குள் ஒளித்து வைத்தால்தான் சிக்கல்.

மூன்றாவது, நேரம். டோகுபாம்ப் ஸ்டுடியோவின் 'புளூ பிரின்ஸ்', 2025 ஏப்ரலில் வந்த புதிர் கேம். தாத்தா முறை உறவினர் ஒருவர் மாளிகையை எழுதிவைத்துப் போகிறார். 45 அறை கொண்ட அந்த வீட்டில் 46வது அறையைக் கண்டுபிடித்தால்தான் சொத்து. ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் மூன்று அறைகள் காட்டப்படும்; ஒன்றைத் தேர்ந்தெடுத்து நாமே வீட்டை அடுக்கிக்கொண்டு போக வேண்டும். நடக்க அளவான காலடிகள்தான். தீர்ந்தால் அன்றைய நாள் முடிந்தது. மறுநாள் காலையில் வீடு மறுபடி காலி. வேலையே இதுதான் என்று நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்த விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஆபீஸ் முடிந்து வந்து கொஞ்ச நேரம் ஆடுகிறவருக்கோ, தேவையான அறை கடைசிவரை வராமல் அந்த ராத்திரியே வீணாகப் போகும். போதாததற்கு, வெளியானபோது அது ஆங்கிலத்தில் மட்டும்தான் இருந்தது. ஆங்கிலச் சொல்விளையாட்டில் பிடிப்பில்லாதவருக்குப் பாதிப் புதிர்கள் பூட்டிய கதவுகள். 'ஸ்பிலிட் ஃபிக்‌ஷன்' கேமுக்கு இன்னொரு நிபந்தனை: இரண்டு பேர் இல்லாமல் ஆடவே முடியாது. ஒருவர் வாங்கினால் மற்றவர் இலவசமாகச் சேர்ந்துகொள்ளலாம். கூட உட்கார ஆள் இருக்கிறதா என்பதை எந்த விமர்சகரும் நமக்குச் சொல்ல முடியாது.

இதெல்லாம் எனக்கு உறைத்தது 'வெண்பா'வில். கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றி, டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட சமையல் கேம் இது. அம்மா கொடுத்த சமையல் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விடுபட்டதை நாம்தான் ஊகித்துச் சமைக்க வேண்டும். முதலில் வருவது இட்லி. தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதுதான் புதிர். பல வெளிநாட்டு விமர்சகர்கள் அதை ஒரு புதிராகவே ரசித்து எழுதியிருந்தார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதில் புதிர் எங்கே இருக்கிறது? மேல்தட்டின் குழி கீழ்த்தட்டு இட்லியை அமுக்காமல் மாற்றி வைக்க வேண்டும் என்று அடுப்படிப் பக்கம் போனவர் யாருக்கும் தெரியும். அவர்கள் மூளையால் ஆடிய இடத்தை நாம் கைப்பழக்கத்தால் கடந்துவிட்டோம். ஆனால் மகன் கவின் அம்மா பேச்சுக்குப் பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் நமக்குத்தான் தொண்டை அடைத்தது. ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறதே என்று சிலர் குறைப்பட்டார்கள். கொடுத்த காசுக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்குப் பார்ப்பவருக்கு அது நியாயமான குறைதான். பிரிட்டனின் பாஃப்டா அமைப்போ 2024இல் சிறந்த முதல் கேம் விருதை 'வெண்பா'வுக்குத் தந்தது.

எண்ணின் மீது எனக்குள்ள கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த எண்ணின் பாதிப்பு வாசகனோடு நின்றுவிடுவதில்லை. 2010இல் அப்சிடியன் நிறுவனம் 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' கேமைச் செய்து கொடுத்தது. மெட்டாகிரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ் என்பது ஏற்பாடு, வந்தது 84. போனஸ் இல்லை. அந்த அணியில் இருந்த கிறிஸ் அவெலோன் பின்னர் இதைப் பொதுவில் சொன்னார். யாரோ ஒரு விமர்சகர் ஏழரை போடலாமா எட்டுப் போடலாமா என்று யோசித்த ஒரு நிமிடத்தில், வேறோர் ஊரில் ஓர் அணியின் போனஸ் போய்விடக்கூடும். அவ்வளவு பாரத்தைத் தாங்கும் துல்லியம் அந்த எண்ணுக்குக் கிடையாது.

தமிழில் கேம் விமர்சனம் செய்யும் தம்பி தங்கைகள் இன்று யூடியூபில் நிறையப் பேர். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பத்துக்கு எத்தனை என்பதைக் கடைசியில் சொல்லுங்கள், சொல்லாவிட்டாலும் பாதகமில்லை. எந்த மெஷினில் ஆடினீர்கள், எத்தனை மணி நேரம் ஆடினீர்கள், இந்த வகை கேமில் உங்கள் கை எவ்வளவு தேர்ந்தது என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். வாங்குகிறவர்களுக்கும் ஒன்று: ஸ்டீமில் ஒவ்வொரு விமர்சனத்தோடும் எழுதியவர் ஆடிய மணி நேரம் போட்டிருக்கும், அதைப் படித்துவிட்டு மேலே படியுங்கள். வாங்கி 14 நாட்களுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குள் இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தில் உங்கள் கை என்ன சொல்கிறதோ அதை நம்புங்கள்.