காட்டுப்பாக்கத்து ஆடுகளும் கிழங்குக் கொல்லையும்

பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் ஐயப்பன்தாங்கலைக் கடந்ததும் வருவது காட்டுப்பாக்கம். காடு இன்று அதன் பெயரில் மட்டுமே எஞ்சியுள்ளது. ஆயினும், வீடெழும்பாத காலி மனைகளில் பத்துப் பதினைந்து செம்மறிகள் மேய்வதை வாசகர்கள் கண்டிருக்கக்கூடும். அவற்றை வளர்க்கும் முதியவர் ஒருவரைச் சென்ற ஆண்டு பங்குனியில் சந்தித்தோம்.

“மூணு ஆடு போச்சு சாமி, அரை மணி நேரத்துல” என்றார். திருமழிசைக்கு அப்பால் உறவினர் கொல்லையில் வேலியோரம் நின்ற மரவள்ளியின் இளந்துளிரை அவை கடித்திருந்தன. மூச்சுத் திணறி விழுந்து, கால்களை உதைத்து மடிந்தனவாம். பேத்தியின் கல்லூரிக் கட்டணத்திற்கென வளர்த்தவை அவை. அதே கொல்லையில் கால் ஏக்கரைப் பயிரிட்டுக்கொள்ள உறவினர் இசைந்திருந்தார். ஆடும் தின்ன, வீட்டிற்கும் உதவ எந்தக் கிழங்கை நடுவது என்பதே பெரியவரின் கேள்வி.

அவரையும் அழைத்துக்கொண்டு மற்றொரு காட்டுப்பாக்கத்திற்குப் பயணப்பட்டோம். ஆம், காட்டுப்பாக்கங்கள் இரண்டு! வண்டலூரைத் தாண்டி, காட்டாங்கொளத்தூருக்கு அருகில் உள்ள காட்டுப்பாக்கத்தில், 1989-இல் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் பகுதிக்கே உரிய சென்னைச் சிவப்பு ஆட்டினத்தை மேம்படுத்தும் பணி நடைபெறும் இடம் அது. ஊர்ப்பெயரை மட்டும் சொல்லிப் புறப்படுவோர் தவறான திசையில் போய்ச் சேர நேரும்.

வழியில் இங்கிலாந்து நாட்டுச் செய்தியொன்றைப் பெரியவருக்குச் சொன்னோம். 18-ஆம் நூற்றாண்டில் நார்ஃபோக் பகுதியில் டவுன்ஷெண்ட் பிரபு டர்னிப் கிழங்கைப் பரப்பினார். ‘டர்னிப் டவுன்ஷெண்ட்’ என்றே பெயரும் பெற்றார். கோதுமை, டர்னிப், வாற்கோதுமை, தீவனப் பயிரான குளோவர் என நான்கு ஆண்டுச் சுழற்சி. புல் வளராத குளிர்காலத்தில் ஆடுகளைக் கிழங்கு வயலிலேயே தட்டிகளால் அடைத்து மேய்ப்பர். எருவும் அங்கேயே விழும். “அட, நம்ம கிடை மாதிரி!” என்றார் பெரியவர்.

ஆனால் நம் நாட்டில் பசிக்காலம் வேறு. வடகிழக்குப் பருவமழையால் கார்த்திகை, மார்கழியில் புல்லுக்குக் குறைவில்லை. பங்குனி முதல் ஆனி வரைதான் ஆடுகள் வாடும். குளிரை விரும்பும் டர்னிப் அவ்வெயிலில் நில்லாது. நிற்பது மரவள்ளியே, சுற்றிலும் யாவும் காய்ந்திருக்க அது மட்டும் பசுமையாய் அழைப்பதுதான் ஆபத்து. அதன் பச்சைத் தழையை ஆடு மெல்லும்போது சயனைடு நஞ்சு வெளிப்படுகிறது. மருத்துவர் உடனே வந்து ஊசி போட்டாலன்றிப் பிழைப்பது அரிது. இளஞ்சோளப் பயிரிலும் இதே நஞ்சு உண்டு.

ஆகவே சர்க்கரைவள்ளியே தகும் என்று முடிவாயிற்று. அதன் கொடியை ஆடு அச்சமின்றித் தின்னும். கிணற்று நீர் உள்ள நிலமாதலால் தையில் நட்டால் சித்திரையில் கொடி அறுக்கலாம். இதிலும் ஒரு சிக்கல்: கொடியை அடிக்கடி அறுத்தால் கிழங்கு பருக்காது. எனவே அளவாகவே அறுக்க வேண்டும். இருபத்தைந்து கிலோ எடையுள்ள ஆடொன்றுக்கு நாளொன்றுக்கு இரண்டரை கிலோ பசுந்தீவனம் தேவை. கொடி மட்டும் போதாது என்பதால் வரப்பில் அகத்தியும் வேலிமசாலும் வைக்க முடிவு செய்தோம். கிழங்கு கொடுப்பதாயின் தொண்டையில் அடைக்காதவாறு நறுக்கி, சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். பூசணம் பிடித்த கிழங்கோ நுரையீரலையே கெடுத்துவிடும். ‘வீணாகிறதே’ என்று அதை ஆட்டுக்கு வீசுவது நம்மவர் வழக்கம்!

இவ்வாண்டுச் சித்திரையில் மீண்டும் காட்டுப்பாக்கம் சென்றோம். ஆடுகள் மேய்ந்த மனையில் கல்லூன்றிக் கம்பி கட்டியிருந்தனர். பெரியவர் மிதிவண்டியில் இரண்டு கட்டுக் கொடி கொணர்ந்து தெருவோரம் போட, பதினொரு ஆடுகளும் தின்றுகொண்டிருந்தன. மொட்டை மாடியில் மரவள்ளித் தழை பரப்பப்பட்டிருக்கக் கண்டு நாம் திடுக்கிட்டோம்.

“மூணு நாளா நறுக்கிக் காயப்போட்டிருக்கேன் சாமி. காஞ்சா நஞ்சு போயிடும்னு அங்கே சொன்னாங்களே” என்றார். உண்மைதான், நன்கு உலர்ந்த அத்தழையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரதம். ஆயினும் அன்று அவர் ஒரே ஓர் ஆட்டிற்கு, ஒரு கைப்பிடி மட்டுமே கொடுத்துவிட்டு, அதன் அருகிலேயே திண்ணையில் அமர்ந்துகொண்டார்.