வாப்பா

பழைய தமிழ் நூல்களில் 'படப்பை' என்றால் வீட்டை அடுத்த தோட்டம் என்று பொருள். ஒரு கிணறு, நாலு வாழை, ஒரு முருங்கை, நிழலில் படுத்து அசை போடும் பசு - இப்படி ஒரு சித்திரம் மனதில் எழும். நான் குடியிருக்கும் படப்பை வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் இருக்கிறது. தோட்டத்தைத் தேடிக்கொண்டு இங்கே வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். வாசலில் போட்ட கோலம் காய்வதற்குள் அதன்மீது லாரிப் புழுதி படிந்துவிடுகிறது.

1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1998-ல் அங்கிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. எங்களுக்கு இன்னும் அருகில், ஒரகடத்தில், 2010-ல் ரெனோ-நிஸான் ஆலையும் 2012-ல் டெய்ம்லர் லாரி ஆலையும் திறந்தார்கள். பெரிய ஆலை ஒன்று வந்தால், அதற்கு ஆணியும் ரப்பரும் செய்து கொடுக்கச் சின்ன ஆலைகள் பின்னாலேயே வரும். அவற்றோடு கொரியரும் ஜப்பானியரும் வருவார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்குச் சென்னையில்தான் ஜாகை. காலையில் காரில் போவார்கள், இரவில் காரில் திரும்புவார்கள். அவர்கள் படப்பையைப் பார்த்ததெல்லாம் கார்க் கண்ணாடி வழியாகத்தான்.

இதற்கு விதிவிலக்காக, 2014-ல் ஒரு கொரிய எஞ்சினியர் எங்கள் மாடிக்குக் குடிவந்தார். தினந்தோறும் மூன்று மணி நேரத்தைச் சாலையில் கழிக்க அவருக்கு இஷ்டமில்லை. மனைவியும் மகளும் கொரியாவிலேயே இருந்தார்கள்.

வந்த அன்றே, "உங்களுக்கு வயது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன். உடனே நாற்காலியிலிருந்து எழுந்து, இடுப்பை வளைத்து ஒரு வணக்கம் போட்டார். பிறகுதான் காரணம் விளங்கிற்று. அவர்கள் பாஷையில் வயது தெரியாமல் வாயைத் திறக்க முடியாதாம். பெரியவருக்கு ஒரு வினைச்சொல், சிறியவருக்கு ஒரு வினைச்சொல். நம்முடைய 'வா'வும் 'வாருங்கள்' என்பதும் போலத்தான். இதைக் கேட்டதும் அந்த மனிதர்மேல் எனக்கு ஒரு பந்து வாத்ஸல்யம் உண்டாகிவிட்டது.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. கொரிய மொழியிலும் 'அப்பா' அப்பாதான். 'வா' என்றால் வா. 'நால்' என்றால் நாள். 'புல்' என்றால் புல். 1905-ல் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கணமே எழுதி வைத்தார். மொழியியல் வல்லுநர்கள் இந்த உறவை ஒப்புக்கொள்வதில்லை. போகட்டும்! மாலை வேளையில் மொட்டை மாடியில் உட்கார்ந்து பேச எங்களுக்கு ஒரு விஷயம் கிடைத்தது.

அவருடைய கஷ்டம் எது என்று நினைக்கிறீர்கள்? வெயில் இல்லை, கொசு இல்லை, காரமும் இல்லை. காரத்தில் அவர் நம்மைத் தோற்கடிப்பார். முட்டைக்கோஸை உப்பில் ஊறவைத்து, மிளகாய்ப் பொடியும் பூண்டும் தடவி ஜாடியில் அடைத்து, அதன் வாசனையால் என் மனைவியையே ஒரு வாரம் மாடிப் பக்கம் போகாமல் செய்தவர் அவர். மரியாதைதான் அவருக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. தேநீர்க் கடையில் அவருக்கென்று தனியாக ஒரு பீங்கான் கோப்பை. (தனிக் குவளை என்பது நம் ஊரில் அவமதிப்புக்கு மட்டும்தான் என்று எண்ணியிருந்தேன்.) முடி வெட்டும் கடையில் காத்திருப்பவர்கள் எழுந்து அவருக்கு நாற்காலியைக் கொடுத்துவிடுவார்கள். தெருமுனைக் காய்கறிக்காரி "வாங்க சார், வாங்க சார்" என்று முகமெல்லாம் சிரித்து, தக்காளிக்கு எட்டு ரூபாய் அதிகம் வாங்குவாள். "ஒரு வருஷமாகக் கதவுக்கு வெளியிலேயே நிற்கிறேன், எல்லோரும் கும்பிடுகிறார்கள், யாரும் திறக்கவில்லை" என்றார் ஒரு நாள்.

கதவைத் திறந்தது மழை. 2015 டிசம்பர் மாதத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஏரிகள் நிரம்பி வழிந்தன. அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. தாம்பரம் போகும் வழி துண்டிக்கப்பட்டது. எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, பணம் எடுக்கும் இயந்திரமும் உயிரை விட்டுவிட்டது. கம்பெனிக் கார் வரவில்லை. கொரியர் வேட்டி மாதிரி ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் காய்கறிக் கடைக்குப் போய் நின்றார். சட்டைப் பையில் ஈரமான மூவாயிரம் மைல் தூரத்து நோட்டுகள்தான் இருந்தன. இந்திய ரூபாய் ஒன்றுகூட இல்லை.

காய்கறிக்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு இந்த மழையில வந்து நிக்கிற? உள்ள வாப்பா. துட்டு அப்பறம் குடு, எழுதி வச்சிக்கிறேன்" என்றாள்.

கொரியர் என்னிடம் ஓடி வந்து, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 'வாப்பா' என்பதை அவர் காது 'வா', 'அப்பா' என்று இரண்டாகப் பிரித்துக் கேட்டிருக்கிறது. அவர் மகள் சின்ன வயதில் அவரை அழைத்ததும் அதே இரண்டு சொற்களால்தானாம். அன்று முதல் தக்காளி விலையிலும் எட்டு ரூபாய் குறைந்தது. சில்லறை இல்லாமல் போனால் திட்டும் விழுந்தது.

2018-ல் அவர் ஊர் திரும்பினார். காய்கறிக்காரிக்கு ஒரு ஜாடி ஊறுகாய் கொடுத்துவிட்டுப் போனார். அவள் அதை என்ன செய்தாள் என்று நான் விசாரிக்கவில்லை.

இப்போது எங்கள் தெருவில் ஒரிஸாப் பையன்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் பிடித்த ஒரு வீட்டில், ஒரு அறைக்கு எட்டுப் பேர். ஒரே ஆலை வேலைக்காகத்தான் கொரியரும் வந்தார், இவர்களும் வந்திருக்கிறார்கள். அவர் 'வெளிநாட்டுக்காரர்', இவர்கள் 'வடக்கத்தியான்'. இவர்களிடம் முதல் நாளே எல்லோரும் 'வா', 'போ' என்றுதான் பேசினார்கள். அதுவும் அதே 'வா'தான். ஆனால் அதில் அப்பா இல்லை.

ஒரு பையன் காய்கறிக் கடையில் "ஆளு, ஒரு கிலோ" என்றான். அவன் பாஷையில் உருளைக்கிழங்குக்கு அதுதான் பெயர். "ஆளைக் கிலோக் கணக்கில விக்கறதுக்கு நான் இன்னா மேஸ்திரியா?" என்றாள் காய்கறிக்காரி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தப் பதில் சிரிப்பைத் தரவில்லை. அவள் அறியாமலே சரியான இடத்தில் கை வைத்துவிட்டாள்.

"இவர்களுக்குக் கணக்கில் எழுதிக் கொடுப்பதில்லையா?" என்று கேட்டேன்.

"எப்படிங்க ஐயா? ராவோட ராவா வேற ஊருக்கு ஏத்தினு போயிடறாங்க. கொரியாக்காரரு சொல்லிட்டுப் போனாரு. இதுங்களுக்குச் சொல்லறதுக்கே தெரியாதே, எங்க போறோம்னு!"

போன மாதம் அப்படியே ஆயிற்று. ஆளு கேட்ட பையனை வாலாஜாபாத் பக்கம் மாற்றிவிட்டார்கள். பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சில்லறை இல்லாமல் அவன் விட்டுப்போன பதினெட்டு ரூபாயைக் கொடுக்கப் பஸ் ஏறி வந்து நின்றான். பஸ் கட்டணம் அதைவிட அதிகம் இருக்கும். காய்கறிக்காரி அவனை உட்கார வைத்து மோர் கொடுத்தாள்.

நேற்று அவளுடைய நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். முன்பு 'மாடி கொரியா' என்று இருந்தது போல, இப்போது 'ஒரிஸா - நீலச் சட்டை' என்று ஒரு வரி ஏறியிருக்கிறது. பெயர் கேட்டாளா என்றேன்.

"கேட்டேன் ஐயா. வாயில நுழையல. அடுத்த வாட்டி வந்தா மறுபடி கேக்கணும்" என்றாள்.