பலா தேடிப் போன அல்சூர்

மெட்ரோ நிலையப் பலகையில் 'ஹலசூரு' என்றிருந்தது. படியிறங்கி, டீக்கடையில் நின்றவரிடம் அந்தப் பெயரைச் சொல்லியே கோயிலுக்கு வழி கேட்டேன். "அல்சூர் சோமேஸ்வரர்தானே? நேரா போயி ரைட்ல திரும்புங்க சார்" என்றார். பெங்களூரு மெட்ரோவை விட்டு இறங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் தமிழில் திருத்தம் வாங்கியாயிற்று.

கன்னடத்தில் ஹலசு என்றால் பலா. பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, அதே கணக்குதான். ஒரு காலத்தில் இங்கே பலாத்தோப்பு இருந்ததாம். வெள்ளைக்காரர் வாயில் ஹகரம் உதிர்ந்து அல்சூர் ஆனது. ஒரு பலா மரமாவது கண்ணில் படுகிறதா பார்ப்போம் என்று நடக்க ஆரம்பித்தேன்.

கடைவீதி நெரிசலுக்குள்ளிருந்து திடீரென்று எழுகிறது சோமேஸ்வரர் கோயில் கோபுரம். பெங்களூரை நிறுவிய கெம்பே கௌடர் குடும்பத்தோடு இந்தக் கோயிலைச் சேர்த்துச் சொல்லும் கதைகள் பல உண்டு. சோழர் காலத்து அடித்தளம் என்பாரும் இருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் விஜயநகரக் கைவேலை. கயிலையைத் தூக்கும் ராவணன், பார்வதி கல்யாணம், சப்தரிஷிகள் எல்லாரும் கல்லில் இருக்கிறார்கள். என்னை நிறுத்தியவர்கள் நாயன்மார்கள். கன்னட நாட்டுக் கோயிலில் அவர்களைப் பார்ப்பது, வெளியூர்க் கல்யாணத்தில் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

வாசலில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்த பாட்டியிடம், "பாட்டி, எந்த ஊரு?" என்றேன். "இங்கதான் பொறந்தேன், எங்கம்மாவும் இங்கதான். ஆனா யாராச்சும் கேட்டா வேலூருன்னுதான் வாயில வருது" என்று சிரித்தார். வேலூர்ப் பக்கம் போய் எத்தனை வருஷமாயிற்று என்று கேட்டதற்குக் கையை விரித்தார்.

1809இல் ஆங்கிலேயர் இங்கே கன்டோன்மென்ட் அமைத்தபோது, பட்டாளத்தோடு மதராஸ் மாகாணத்து ஜனமும் வந்தது. சிப்பாய், சமையல்காரர், துணி வெளுப்பவர், கான்ட்ராக்டர் என்று எல்லா வகையும். ஆற்காட்டு நாராயணசாமி முதலியார் அப்படி வந்து பொருள் சேர்த்தவர். 1873இல் அவர் தொடங்கிய கல்வி அறக்கட்டளையின் நிறுவனங்கள் இன்றும் இந்தப் பக்கம் இருக்கின்றன. பழைய ஊரான பேட்டைக்கு ஒரு நகராட்சி, கன்டோன்மென்டுக்கு ஒரு நகராட்சி என்று ஊர் இரண்டாகவே இருந்து, 1949இல்தான் ஒரே மாநகராட்சி ஆனது. கன்டோன்மென்ட் வருவதற்கு முன்பே இருந்த கிராமம் அல்சூர். பட்டாளம்தான் இதன் பக்கத்தில் வந்து குடியேறியது. அதை நினைக்காமல் இந்தத் தெருக்களைப் பார்த்தால் எதுவும் பிடிபடாது.

ஏரிக்கு வந்தேன். 123 ஏக்கர், நடுவில் மரமடர்ந்த தீவுகள். ஆனால் சுற்றிலும் கம்பிவேலி. கிட்டே போக வழி தேடித்தான் நடக்க வேண்டும். கரையில் ஒரு பகுதி ராணுவத்தின் கையில். 1780இல் தொடங்கிய மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் தலைமையகம் இங்கேதான். அந்த வீரர்களை ராணுவம் முழுக்க 'தம்பி' என்றே கூப்பிடுகிறார்கள். முள்கம்பி வேலியைத் தகர்க்கும் 'பெங்களூர் டார்பிடோ' என்ற நீளக் குழாய் வெடியை 1912இல் உருவாக்கியவர் இந்தப் படையின் கேப்டன் மெக்ளின்டாக். இரண்டாம் உலகப் போரில் நார்மண்டிக் கடற்கரை வரை போன சரக்கு அது.

ஏரிக்கருகே திருவள்ளுவர் உட்கார்ந்திருக்கிறார். பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் சிலையை 1991இலேயே தயார் செய்துவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதால் பதினெட்டு வருஷம் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய தமிழக முதல்வர் கருணாநிதி திறந்து வைத்தார். நாலு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையை அப்போதைய கர்நாடக முதல்வர் எடியூரப்பா திறந்தார். கொடுக்கல் வாங்கல் என்று கேலி பேசியவர்கள் உண்டு. பேசட்டும், மூடிய துணிக்குள் இருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

காற்று திரும்பியபோது சாக்கடை வாடை அடித்தது. 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து இந்தத் தண்ணீரில் மிதந்தன. "தண்ணி ரொம்பிச்சுன்னா எங்கே போகும்?" என்று காவலாளியிடம் கேட்டேன். "பெல்லந்தூருக்கு" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. பெல்லந்தூர் ஏரியிலிருந்து வர்த்தூர் ஏரி, அங்கிருந்து தட்சிண பினாகினி ஆறு. ஓசூரருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் படங்களைப் பார்த்திருப்பீர்களே, அதே ஆறுதான். நமக்கு அது தென்பெண்ணை. கடலூர் பக்கம் கடலில் சேர்கிறது.

திரும்பி வரும் வழியில் தள்ளுவண்டி ஒன்றில் பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்தார்கள். நடந்த தூரத்துக்கு ஒரு பலா மரமும் கண்ணில் படவில்லை, பழமாவது கிடைத்ததே. "பண்ருட்டியா?" என்றேன், ஆசையோடு.

"இல்ல சார், தொட்டபள்ளாபுரம் பக்கம். பத்து சுளை போடட்டுமா?"

போடச் சொன்னேன்.