அத்தைக்கு அக்கி வந்தபோது...

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வலது விலாவைப் பிடித்துக்கொண்டே தோட்டத்திலிருந்து வந்தார். "கொழுந்துக் கூடை உரசிடுச்சு போல, எரியுது" என்றார். ஜெகதளாவில் மழையும் மூட்டமுமாக இருந்த வாரம். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டதோடு நான் மறந்துபோனேன்.

திங்கள் இரவு பார்த்தால், முதுகிலிருந்து வயிறு வரை பெல்ட் கட்டியதுபோல் சிவந்த கொப்புளங்கள். வலது பக்கம் மட்டும்தான். நடுக்கோட்டைத் தாண்டவே இல்லை. "அக்கிடி! எழுதணும்" என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. மருந்துக் கடையில் ஒரு களிம்பு வாங்கினேன். புதன்கிழமை காரமடைப் பக்கம் அழைத்துப் போனோம். மண்பானை செய்யும் பெரியவர் ஒருவர் காவியைக் குழைத்து, கொப்புளங்களைச் சுற்றிச் சிங்கம் வரைந்தார். காசு கேட்கவில்லை. "குளுகுளுன்னு இருந்துச்சு" என்று அத்தை இன்றைக்கும் சொல்கிறார். அதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் அன்று இரவு அவர் தூங்கவில்லை. வியாழன் மதியம் குன்னூரில் டாக்டரிடம் போனோம். அவர் காவியைப் பார்த்துத் திட்டவில்லை. "கொப்புளம் எப்போ வந்துச்சு?" என்று மட்டும் கேட்டு, விரல் விட்டு எண்ணினார். "72 மணி நேரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சாதான் முழுப் பலன். விளிம்புல வந்திருக்கீங்க."

அத்தைக்கு எட்டு வயதில் அவிநாசியில் சின்னம்மை வந்ததாம். வேப்பிலையில் படுக்க வைத்தார்களாம். அந்த வைரஸ் போகவே இல்லை. நரம்பு வேரில் அறுபது வருடம் தூங்கிவிட்டு, உடம்பு தளர்ந்த நேரம் பார்த்து அதே நரம்பு வழியாக வெளியே வந்திருக்கிறது.

எழுதிக் கொடுத்தது அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. என் போனில் ஐந்து அலாரம். சிறுநீரகத்தில் படியாமலிருக்க நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். அந்தக் குளிரில் தண்ணீர் குடிக்க வைத்ததுதான் பெரிய பாடு! சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு மாறும் என்பதால் கடையில் தானாக வாங்கக் கூடாது என்றார் டாக்டர். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண்ணுக்கே ஆபத்து, அன்றைக்கே ஓட வேண்டுமாம்.

இந்த மருந்தை உருவாக்கிய குழுவை நடத்தியவர் கெர்ட்ரூட் எலியன் என்ற அமெரிக்கப் பெண்மணி. பிஎச்.டி. படிப்பை முடிக்காமலே 1988-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். வைரஸ் பிடித்த செல்லுக்குள் போனால்தான் மருந்து விழித்துக்கொள்ளும். வைரஸின் சொந்த நொதியே அதை எழுப்பிவிடும். பிறகு வைரஸ் தன்னைப் பிரதி எடுக்க முடியாது. திருடன் கையாலேயே அவனுக்குப் பூட்டு!

எங்களுக்குப் பெரிய கவலை என் எட்டு மாதப் பையன். கொப்புள நீர் பட்டால் அவனுக்குச் சின்னம்மை வரலாம். பொருக்கு தட்டும்வரை தூக்கக் கூடாது என்றதும் அத்தை அழுதேவிட்டார். அவன் கதவைத் தட்டித் தட்டி அழுவான். உள்ளேயிருந்து இவர் பாடுவார்.

நான்கு மாதமாகிறது. தோல் ஆறிவிட்டது, நரம்பு வலி போகவில்லை. அதற்குத் தனி மாத்திரை. இந்தக் குளிரிலும் ஸ்வெட்டர் அந்த இடத்தில் பட்டால் துடித்துப் போகிறார். திங்கள் இரவே கிளம்பியிருக்கலாமே என்று எனக்கு இன்னும் உறுத்துகிறது. அவர் ஒருநாளும் கேட்டதில்லை. பையனை மட்டும் இப்போது இடது இடுப்பில்தான் வைத்துக்கொள்கிறார்.