அசரபாகம்

பார்க்கின்சன் நோயாளிகள்கிட்ட நடக்க முடியுதா, சட்டை பட்டன் போட முடியுதான்னு கேட்போம். கம்ப்யூட்டர்ல டைப் பண்ண முடியுதான்னு நான் யாரையும் கேட்டதே இல்ல. எங்க அப்பாவுக்கு வந்த பிறகுதான் உறைச்சது. (இழை)

அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அச்சரப்பாக்கத்துல இருக்கார். 2012-ல பிளஸ் டூ படிச்சப்ப எனக்கு அரசு கொடுத்த லேப்டாப்தான் இப்ப அவர்கிட்ட. விண்டோஸோட சென்னை சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் அதுல இருந்துச்சு. ஹாஸ்டல்ல அந்த லினக்ஸ்ல ஜன்னல்களை ஜெல்லி மாதிரி ஆட வெச்சுப் பெருமைப்பட்டவன் நான். இப்ப 2 ஜிபி ராமுக்குத் தாங்கணும்னு எக்ஸ்எஃப்சிஇ போட்டிருக்கேன்.

பாதிப் பக்கம் எழுதிட்டு ஜன்னலைச் சுருக்கப் போவார். கை நடுங்கி, பக்கத்துல இருக்கற பெருக்கல் குறியில விழும். சேமிக்கவான்னு கேட்டா அதுலயும் தப்பா அமுங்கும். ஒருநாள் லேப்டாப்பை மூடினவர், ரெண்டு வாரம் தொடல.

ஜன்னலோட சட்டம், மேல்பட்டை, பொத்தான் எல்லாத்தையும் பார்த்துக்கறது விண்டோ மேனேஜர்னு ஒரு தனி நிரல். அதோட அமைப்புல போய் பெருக்கல் குறியையே எடுத்துட்டேன். மூடணும்னா ஆல்ட், எஃப்4. ஸ்டிக்கி கீஸ் போட்டதால ரெண்டையும் ஒண்ணா அமுக்க வேண்டாம், ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு போதும். கோப்பு திறக்க ஒரே கிளிக்.

கஷ்டம் எழுத்துலதான். விரல் நடுங்கினா ஒரே விசை ரெண்டு தடவை விழும். சீக்கிரம் வர்ற ரெண்டாவது அமுக்கலை ஒதுக்க பவுன்ஸ் கீஸ் இருக்கு. 500 மில்லி விநாடி வெச்சுக் கொடுத்தேன். ஊர்ப் பேரை அடிச்சார். "அசரபாகம்"னு வந்துச்சு.

அவர் பழகினது தமிழ்99. அதுல சகரத்தை ரெண்டு தடவை அடிச்சா தானா "ச்ச" ஆகும். அப்ப நடுக்கத்துக்கும் இலக்கணத்துக்கும் மெஷினுக்கு எப்படி வித்தியாசம் தெரியும்? பார்க்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் விநாடிக்கு 4 முதல் 6 தடவை. அதாவது சுமார் 170 முதல் 250 மில்லி விநாடிக்கு ஒண்ணு. படிப்படியா இறக்கி 260-ல நிறுத்தினேன். இரட்டை எழுத்துக்கு நடுவுல அவர் கொஞ்சம் நிதானிக்கப் பழகினார். நாலாவது நாள் ச்ச, ப்ப, க்க மூணும் சரியா விழுந்துச்சு. மறுநாள் காலைல எனக்கு மெயில், என் மருந்துச்சீட்டுல இருக்கற தமிழ்ப் பிழைகளைத் திருத்தி.

உங்க வீட்லயும் யாருக்காவது கை நடுங்கினா முயற்சி பண்ணுங்க. விண்டோஸ்ல ஃபில்டர் கீஸ்னு தேடுங்க. சோதிக்க இரட்டை எழுத்து இருக்கற ஊர்ப் பேரா வேணும். மதுராந்தகம்காரங்க வேற ஊரைத்தான் கடன் வாங்கணும்.