செருகிவிட்டுத் தூங்கலாம்

ஜனவரி 5, 2026, திங்கள்

மின்சாரக் கார் என்று பேச்செடுத்தாலே கோலசிலாங்கூர்ப் பக்கம் முதலில் வரும் கேள்வி, "எங்கே சார்ஜ் போடுவது?" என்பதுதான். கோலாலம்பூர் மால்களில் வரிசையாக நிற்கும் விரைவு மின்னூட்டிகள் ஈஜோக்கிலோ புக்கிட் ரோத்தானிலோ எத்தனை இருக்கின்றன என்று கேட்டால், பேச்சு அதோடு முடிந்துவிடும். இது பெட்ரோல் பழக்கத்தில் பிறந்த கேள்வி. எண்ணெயை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, தேடிப் போய்த்தான் ஊற்ற வேண்டும். மின்சாரமோ ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறது. சாதாரண மூன்று முனை பிளக்கில் 10 ஆம்பியர் எடுத்தால் மணிக்கு ஏறக்குறைய 2.3 யூனிட் கிடைக்கும். இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை செருகி வைத்தால், வழியில் வீணாவது போக 18 யூனிட்டாவது காரில் சேரும். சிறிய கார் ஒன்றுக்கு அது 120 கிலோமீட்டர் ஓட்டம். கோலசிலாங்கூரிலிருந்து கிள்ளானுக்கு வேலைக்குப் போய்வருபவருக்கே நூறு கிலோமீட்டர் ஆகாது. ஜெராமிலும் பத்தாங் பெர்ஜுந்தையிலும் கடை, பள்ளி, கோயில் என்று சுற்றுபவர்கள் அதில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. தாமானில் தரைவீடும் வாசலில் கார் நிறுத்த இடமும் உள்ளவருக்கு மின்னூட்டி எத்தனை என்ற கணக்கே தேவையில்லை என்பது என் கட்சி. சதவீதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பதற்றமும் தேவையில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

மின்சாரக் காரால் காசு மிச்சமாகும் என்பவர்கள் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள். சென்ற செப்டம்பர் 30 முதல் புடி95 மானியத் திட்டத்தில் குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட். நூறு கிலோமீட்டருக்கு ஆறரை லிட்டர் குடிக்கும் காருக்கு 13 ரிங்கிட் ஆகிறது. வீட்டு மின்சாரம் யூனிட் 45 சென் என்று வைத்தால், அதே தூரத்திற்கு மின்சாரக் காருக்கு ஏழு ரிங்கிட் சொச்சம். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 80, 90 ரிங்கிட் மிஞ்சும். கார்த் தவணையை அது அடைத்துவிடாது. விரைவு மின்னூட்டியையே நம்பியிருப்பவருக்கு இந்த மிச்சமும் இல்லை. யூனிட்டுக்கு ஒன்றேகால், ஒன்றரை ரிங்கிட் கொடுத்தால் நூறு கிலோமீட்டருக்கு இருபது ரிங்கிட்டைத் தொடும், அதற்குப் பெட்ரோலே மேல். ஆக, மெதுவாக வீட்டில் ஏற்றுவது சோம்பேறித்தனம்போலத் தெரிந்தாலும், கணக்குப் பார்த்தால் அதுதான் சிக்கனம். மின்விநியோக நிறுவனமான தெனாகா தரும் நேரவாரிக் கட்டணத்தில் இரவு பத்து மணிக்குமேல் யூனிட்டுக்கு நாலு சென் குறையும். ஓர் இரவுக்கு எண்பது சென். காரிலேயே நேரம் குறித்து வைத்தால் போதும். அதற்காகக் கண்விழிப்பவர்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

சிறிய பேட்டரியே போதும் என்பதற்கும் இந்தக் கணக்குத்தான் ஆதாரம். சென்ற ஆண்டு வந்த புரோட்டோன் இ.மாஸ் 5 காரின் அடிப்படை வகையில் 30 யூனிட் பேட்டரி, ஓட்டம் 225 கிலோமீட்டர். "இவ்வளவுதானா?" என்கிறார்கள். தினமும் தொடாத 200 கிலோமீட்டருக்காகக் கனமான பேட்டரியையும் அதன் கடனையும் சுமப்பதைவிட, ஆண்டில் இரண்டு முறை தாப்பா ஓய்வுத் தளத்தில் தேநீர் குடித்துக்கொண்டு அரைமணி நிற்பது மேல். புரோட்டோனின் மின்சாரக் கார் ஆலை தஞ்சோங் மாலிமில், பெரோடுவாவின் ஆலை சுங்கை சோவில். இரண்டும் வடசிலாங்கூர்த் தோட்டங்களின் வாசலிலேயே இருக்க, இங்குள்ளவர்களுக்கு மட்டும் இது பட்டணத்துப் பண்டமாகத் தெரிவது விந்தைதான்.

ஜனவரி 19, திங்கள்

வெயிலில் பேட்டரி கெட்டுவிடும் என்ற பயத்திற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் தொடக்ககால நிசான் லீஃப் கார்களின் ஓட்டம் சீக்கிரமே குறைந்தது. அவற்றின் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. இன்று விற்கும் பெரும்பாலான கார்களில் அது உண்டு, எட்டாண்டு உத்தரவாதமும் சாதாரணம். மெதுவாக ஏறும் மின்சாரம் சூட்டையும் குறைவாகவே கிளப்பும். நான் பயப்படச் சொல்வது காருக்கு அல்ல, சுவருக்கு. ஒன்பது மணி நேரம் ஓயாமல் 10 ஆம்பியர் இழுப்பதும், கேத்தல் ஐந்து நிமிடம் கொதிப்பதும் ஒன்றல்ல. பழைய சாக்கெட்டில் பிடி தளர்ந்திருந்தால் முதலில் பிளக்கின் முகம் சுடும், பிறகு துளையைச் சுற்றிப் பழுப்பேறும், கடைசியில் பிளாஸ்டிக் உருகும். மாலையில் சில மணி நேரம் ஜெனரேட்டர் ஓடிய தோட்டங்களின் லயன் வீடுகள், விளக்குக்கும் விசிறிக்கும் போட்ட வயரோடு இன்னும் நிற்கின்றன. அங்கே நீட்டிப்பு வயரில் காரை மாட்டுவது தீயோடு விளையாடுவது. உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டுக் காருக்கென்று தனிக் கம்பி இழுத்து, கசிவு பிரேக்கரும் நல்ல சாக்கெட்டும் போட்டுவிட வேண்டும். அந்த ஒரு செலவில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

ஜனவரி 28, புதன்

ஞாயிறு தைப்பூசம். கோலசிலாங்கூரிலிருந்து பத்துமலை சுமார் 60 கிலோமீட்டர். போய்வர இரவில் ஏற்றியதே போதும், பினாங்கு போகிறவர்தான் வழியில் நிற்க வேண்டும். என் கட்சிக்கு எதிரான வலுவான வாதம் தூரம் அல்ல, வீடு. தோட்டம் துண்டாடப்பட்டு மலிவுவிலை அடுக்குமாடிக்குப் போன குடும்பங்களுக்குச் சொந்த வாசலும் இல்லை, வாசலில் சாக்கெட்டும் இல்லை. நாலாவது மாடியிலிருந்து கீழே வயர் தொங்கவிட முடியாது. அவர்களுக்கு "வீட்டில் செருகிவிட்டுத் தூங்குங்கள்" என்று சொல்வது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அங்கே நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை கப்சாய்கள். பேட்டரியைக் கழற்றி எடுக்கக்கூடிய மின்சார மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு மூன்று யூனிட் போதும். ஆண்டு வருமானம் 1,20,000 ரிங்கிட்டுக்குள் இருப்பவருக்கு 2,400 ரிங்கிட் கழிவு தரும் திட்டத்தை அரசு 2023 இறுதியில் தொடங்கியதும் இவர்களை எண்ணித்தான். கனமான பேட்டரியை லிப்ட் பழுதான கட்டடத்தில் தினமும் யார் தூக்குவது என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. கீழ்த்தளத்தில் மீட்டரோடு பத்து சாக்கெட் வைக்கப் பெரிய பணம் ஆகாது. கட்டட நிர்வாகக் குழுவும் தெனாகாவும் ஒரு மேசையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.